இரண்டாவது போன் எண்: வாங்குவது, பிரிப்பது, காப்பது, விடுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி ஓடிபி வரும் அதே எண் துணிக்கடை பில்லிலும், ஓஎல்எக்ஸ் விளம்பரத்திலும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. பணத்துக்குச் சாவியாக இருக்கும் எண்ணை ஊரெல்லாம் கொடுத்து வைப்பதுதான் சிக்கலே. இரண்டாவது எண் அதைச் சரிசெய்யும், ஆனால் எந்த எண் எதற்கு என்பதை முதலிலேயே தீர்மானித்தால் மட்டும். கீழே உள்ள விவரங்கள் இந்தியாவில் சிம் வைத்திருப்பவர்களுக்கானவை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு.

மெய்நிகர் எண்ணுக்கும் இரண்டாவது சிம்முக்கும் என்ன வித்தியாசம்?

மெய்நிகர் எண் எந்த சிம் கார்டோடும் ஒட்டியிருக்காது. அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் முதலில் சேவை நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அங்கிருந்து உங்கள் செயலிக்கோ, உண்மையான மொபைலுக்கோ திருப்பிவிடப்படும். அழைப்பவருக்கு உங்கள் சொந்த எண் தெரியாது. ஊபரிலும் ஸ்விக்கியிலும் டெலிவரி ஆள் பேசும்போது வேறு ஏதோ எண்ணிலிருந்து அழைப்பு வருவதும் இதே முறையில்தான். அந்த எண் அந்த ஆர்டரோடு முடிந்துவிடும்.

இரண்டாவது சிம் (அல்லது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம்) உங்கள் பெயரில் பதிவான முழு மொபைல் இணைப்பு. எஸ்எம்எஸ் வரும், ஓடிபி வரும், வாட்ஸ்அப் திறக்கும், யுபிஐ ஓடும்.

கூகுள் வாய்ஸ் மாதிரி ஒன்று இந்தியாவில் தனிநபருக்குக் கிடைக்குமா?

கூகுள் வாய்ஸ் என்பது கூகுள் தரும் மெய்நிகர் எண் சேவை. அதன் தனிநபர் கணக்கு அமெரிக்காவில் இருப்பவர்களுக்கானது. பதிவு செய்யவே ஓர் அமெரிக்க எண் கேட்கும். இங்கே உட்கார்ந்துகொண்டு விபிஎன் போட்டு வாங்க முயல்வது வீண் வேலை. கிடைத்தாலும் இந்திய வங்கிகள் அந்த எண்ணை ஏற்காது.

இந்தியாவில் கிளவுட் டெலிபோனி நிறுவனங்கள் (எக்ஸோடெல், நாலரிட்டி, மைஆபரேட்டர் போன்றவை) 044, 080 எனத் தொடங்கும் எண்களையும் 1800 இலவச எண்களையும் தருகின்றன. வாங்குவது பெரும்பாலும் வியாபாரங்கள். நிறுவன ஆவணங்கள், ஜிஎஸ்டி, முகவரிச் சான்று எல்லாம் கேட்பார்கள். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பை மூன்று ஊழியர்களுக்குச் சுற்றிவிடுவது, வேலை நேரத்துக்குப் பிறகு பதிவுக் குரல் ஒலிக்க வைப்பது, பேச்சைப் பதிவு செய்வது ஆகியவற்றுக்கு இவை அருமையானவை. ஆனால் பொதுவாக இந்த எண்களுக்கு ஓடிபி எஸ்எம்எஸ் வராது. அதை எதிர்பார்த்து வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய.

ஆகவே வீட்டிலிருந்து தையல் வேலை, டியூஷன், டிபன் ஆர்டர் என்று நடத்துபவருக்கும், சும்மா தனிமை வேண்டும் என்பவருக்கும் எங்கள் பரிந்துரை ஒன்றே: சொந்தப் பெயரில் இரண்டாவது சிம் அல்லது இ-சிம்.

புதிதாக வாங்கும் எண்ணை வங்கிக்குக் கொடுப்பதா, வெளி ஆட்களுக்குக் கொடுப்பதா?

பெரும்பாலோர் புது எண்ணை வெளி ஆட்களுக்கு என்று ஒதுக்குகிறார்கள். உங்கள் பழைய எண் ஓரளவு அமைதியாக இருந்தால் அது சரி, வேலையும் குறைவு.

ஆனால் பத்து வருடமாக அதே எண் விசிட்டிங் கார்டிலும் நூறு கடைகளின் கம்ப்யூட்டரிலும் இருக்கிறதென்றால், அதை இனி மறைக்க முடியாது. அப்போது தலைகீழாகச் செய்யுங்கள். பழைய எண் ஊருக்கு, புது எண் பணத்துக்கு. மாற்றுவதற்கு ஒரு மாதம் அலைச்சல் உண்டு. ஆனாலும் பாதுகாப்பு என்று பார்த்தால் இதுதான் முழுமையான வழி. வரிசை முக்கியம்:

முதலில் ஆதார். பல இடங்களில் ஆதார் ஓடிபி கேட்பதால் இதுதான் அடித்தளம். ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் மாற்றலாம். புது எண் பதிவேற சில நாள் ஆகும். அடுத்து வங்கிகள், ஒவ்வொன்றாக. கிளையில் படிவம் கொடுக்கலாம், சில வங்கிகளில் ஏடிஎம்மிலும் நெட் பேங்கிங்கிலும் மாற்ற வழி உண்டு. பழைய எண்ணுக்கும் ஓர் ஓடிபி வரக்கூடும் என்பதால் இரண்டு சிம்மும் உயிரோடு போனில் இருக்க வேண்டும். பிறகு வருமான வரி இணையதளம், பிஎஃப் (யுஏஎன்), டிஜிலாக்கர், காப்பீடு, டீமேட், கேஸ் இணைப்பு, ஸ்மார்ட் ரேஷன் கார்டு. கடைசியாக ஜிமெயிலின் மீட்பு எண். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடவுச்சொல் மறந்தபோதுதான் மீட்புக் குறியீடு பழைய எண்ணுக்குப் போவது தெரிகிறது.

வங்கியில் எண் மாறியதும் யுபிஐ செயலியைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். முதல் 24 மணி நேரம் பெரும்பாலும் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. வாடகை கட்டும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இப்படிப் பிரித்ததும் கிடைக்கும் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஊருக்குக் கொடுத்த எண்ணில் "உங்கள் பேங்கிலிருந்து பேசுகிறோம்" என்று யார் அழைத்தாலும் அது பொய். வங்கிக்கு அந்த எண்ணே தெரியாதே! வயதான பெற்றோருக்கு மோசடிகளின் வகைகளை எல்லாம் விளக்கிக்கொண்டிருப்பதைவிட இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுப்பது எளிது.

ஒருவர் எத்தனை எண் வைத்திருக்கலாம்?

ஒருவர் பெயரில் ஒன்பது. ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. எல்லா நிறுவனங்களையும் சேர்த்துத்தான் கணக்கு. மீறினால் 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி முதல் முறை 50,000 ரூபாய் வரையிலும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 2 லட்சம் வரையிலும் அபராதம். ஆள்மாறாட்டம் செய்தோ ஏமாற்றியோ சிம் வாங்கினால் மூன்று வருடம் வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. "வேறு பெயரில் ஒரு சிம் இருக்கிறது, தரட்டுமா" என்று கடைக்காரர் கேட்டால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சிம் வாங்கும்போது கடையில் எதைக் கவனிக்க வேண்டும்?

2024 ஜனவரி 1 முதல் காகிதப் படிவம் கிடையாது, எல்லாம் டிஜிட்டல் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு). விரல் ரேகை வைக்கும்போது "சரியாக விழவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்று சொல்லி, இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம்மை எடுத்து மோசடிக் கும்பலுக்கு விற்கும் வேலை நடக்கிறது. உண்மையிலேயே ரேகை விழாமலும் போகும். அதனால் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிப் பிழைச் செய்தியைப் படித்துவிட்டு வையுங்கள்.

ஒரு வாரம் கழித்து மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ பாருங்கள். உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் பெயரில் உள்ள எண்களின் பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் ‘என் எண் அல்ல’ என்றும், நீங்களே வாங்கிக் கைவிட்டது என்றால் ‘தேவையில்லை’ என்றும் குறித்து அனுப்பலாம். வருடத்துக்கு இரண்டு முறையாவது இதைச் செய்ய வேண்டும்.

புது எண்ணுக்கு யாரோ ஒருவரைத் தேடி அழைப்புகள் வருகின்றன. ஏன்?

அது ஏற்கெனவே ஒருவரிடம் இருந்த எண். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குத் தருவார்கள். கடன் வசூல்காரர்கள், பழைய பள்ளிக்கூடக் குழு, யாருடைய வங்கிக் கணக்குச் செய்தியோ எல்லாம் உங்களுக்கு வரும்.

அதனால் வாங்கிய முதல் இரண்டு வாரம் அந்த எண்ணை எதற்கும் பதிவு செய்யாமல் கவனியுங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம், ஜிபே ஆகியவற்றில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். வேறொருவரின் படமும் பெயரும் வந்தால், அவர் இன்னும் கணக்கை நீக்கவில்லை. வங்கிச் செய்திகள் விடாமல் வந்தால் அந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எண் வாங்குவதே நல்லது. பணத்துக்கென்று ஒதுக்கப்போகும் எண் என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

இ-சிம் போடுவது எப்படி? எங்கே சிக்கும்?

போனில் *#06# அடித்துப் பாருங்கள். ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று 32 இலக்க எண் தெரிந்தால் உங்கள் போன் இ-சிம்மை ஏற்கும். ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் விலை கூடிய மாடல்களில்தான் அதிகம்.

நிறுவனத்தின் செயலியிலோ கடையிலோ விண்ணப்பித்தால் க்யூஆர் குறியீடு ஒன்று வரும். அதை வேறொரு திரையில் திறந்து வைத்து, உங்கள் போனின் அமைப்புகளில் சிம் பகுதிக்குப் போய் ‘இ-சிம் சேர்’ என்பதை அழுத்தி ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போது போன் வைஃபையில் இருக்கட்டும். பாதியில் இணையம் அறுந்தால் பதிவிறக்கம் கெட்டுப்போகும், அதே க்யூஆர் மறுபடி வேலை செய்யாமல் போகலாம், புதிது கேட்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே கையில் உள்ள சிம்மை இ-சிம்மாக மாற்றினால், மாறிய பின் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடிக்காரர் உங்கள் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வதைத் தடுக்க அரசே வைத்த தடை இது. அந்த ஒரு நாள் ஓடிபி கிடைக்காது என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். மாற்றிய ஏழு நாளுக்கு வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்யவும் முடியாது. இந்த விதி 2024 ஜூலை 1 முதல் இருக்கிறது.

போனை ஃபேக்டரி ரீசெட் செய்யும்போது ‘இ-சிம்மையும் அழிக்கவா’ என்று கேட்கும். அழித்துவிட்டால் மறுபடி நிறுவனத்திடம்தான் போக வேண்டும்.

நீங்கள் கேட்காமலேயே யாராவது அழைத்து, சிம்மை இ-சிம்மாக மாற்றித் தருவதாகச் சொல்லி ஒரு செய்தியை அனுப்பச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ, அவர் உங்கள் எண்ணைத் தன் போனுக்கு எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். சிக்னல் போன மறுநிமிடம் வங்கிக் கணக்கில் கைவைப்பார்கள். உடனே வங்கிக்கும், இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் அழையுங்கள்.

ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் வைக்க முடியுமா?

ஆண்ட்ராய்டில் 2023 அக்டோபரில் இந்த வசதி அறிவிக்கப்பட்டது. அமைப்புகளில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தி ‘கணக்கைச் சேர்’ என்று கொடுத்து, இரண்டாவது எண்ணுக்கு வரும் குறியீட்டைப் போட வேண்டும். எந்த போனாக இருந்தாலும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இரண்டாவது எண்ணுக்கு வைத்துக்கொள்ளலாம். வியாபாரத்துக்கு அதுவே மேல்: வேலை நேரம், தானியங்கிப் பதில், விலைப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கின்றன.

வீட்டு லேண்ட்லைன் எண்ணிலும் வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கலாம். எஸ்எம்எஸ் வராதென்பதால் ‘என்னை அழை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் குரலில் ஆறு இலக்கம் சொல்லும். 044 கிளவுட் எண் என்றால் ‘ஒன்றை அழுத்தவும்’ என்ற வரவேற்புக் குரலை அப்போதைக்கு நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரத்தோடு இயந்திரம் பேசிக் குறியீடு வீணாகும்.

இரண்டு கணக்குக்கும் இரு கட்டச் சரிபார்ப்பு பின்னை வைத்துவிடுங்கள், இரண்டிலும் வேறு வேறு எண்ணாக. வாட்ஸ்அப் 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் பொதுவாகக் கணக்கு நீக்கப்படும். இன்னொன்று: சிம் போனில் இருந்தால்தான் செயலி ஓட வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்றவற்றுக்கு உத்தரவிட்டது. குறியீடு வந்ததும் சிம்மைக் கழற்றி டிராயரில் போட்டுவிடும் பழக்கத்தை இனி நம்பியிருக்கக் கூடாது.

இரண்டாவது எண்ணிலிருந்து அழைத்தால் என் பெயர் தெரியாதல்லவா?

தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வழிகளில் பெயர் வெளியே போகும்.

யுபிஐயில் அந்த எண் இருந்தால் வங்கிப் பெயர் அப்படியே காட்டும். எண்ணை அடித்து ஒரு ரூபாய் அனுப்பப் பார்ப்பவருக்கு முழுப்பெயர் கிடைத்துவிடும். ஆகவே ஊருக்குக் கொடுக்கும் எண்ணை யுபிஐயில் இணைக்காதீர்கள். வியாபாரத்துக்குப் பணம் வாங்க வேண்டுமென்றால் எண் இல்லாத யுபிஐ முகவரி ஒன்றை உருவாக்கி, அதன் க்யூஆரைக் காட்டுங்கள். பெயர் அதிலும் தெரியும், எண் தெரியாது.

இரண்டாவது, அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலி. உங்கள் எண்ணை ‘கவிதா டெய்லர் வேளச்சேரி’ என்று யாரோ சேமித்தால் அது எல்லோருக்கும் தெரியலாம். அவர்கள் தளத்தில் பட்டியலிலிருந்து எண்ணை நீக்கச் சொல்லலாம்.

மூன்றாவது, அழைப்பவரின் பதிவுப் பெயரை நெட்வொர்க்கே திரையில் காட்டும் முறை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. கேஒய்சியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் எதிராளிக்குத் தெரியும். எண்ணைப் பிரிப்பதால் உங்கள் பணமும் குடும்பமும் ஒதுங்கி நிற்கும். நீங்கள் யார் என்பது மறையாது. தொல்லை கொடுக்கும் ஒருவரிடமிருந்து ஒளிய வேண்டிய நிலையில் இருக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். அழைக்காமல், எண்ணை மறைக்க வழியுள்ள செயலிகளில் பேசுவது அவர்களுக்கு நல்லது. சிக்னலில் 2024 முதல் பயனர் பெயர் மட்டும் கொடுத்துப் பேசலாம். டெலிகிராமில் ‘என் எண்ணை யார் பார்க்கலாம்’ என்பதை ‘யாரும் இல்லை’ என்று மாற்றலாம்.

இணையத்தில் இலவசமாக ஓடிபி வாங்கும் எண்கள் கிடைக்கின்றனவே?

தொடாதீர்கள். அந்தப் பக்கத்தைத் திறக்கும் எல்லோரும் அதே செய்திகளைப் படிக்கிறார்கள். அந்த எண்ணில் கணக்கு தொடங்கினால், நாளை இன்னொருவர் அதே எண்ணுக்கு ஓடிபி கேட்டு உங்கள் கணக்குக்குள் நுழைவார். பத்து நிமிடத்துக்கு வாடகைக்குத் தரும் எண்களிலும் இதே கதைதான்.

ரீசார்ஜ் செய்யாமல் இரண்டாவது எண்ணை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

பிரீபெய்டில் 90 நாள் அழைப்பு, எஸ்எம்எஸ், டேட்டா எதுவும் இல்லையென்றால் எண்ணைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள், இருப்பு தீரும்வரை இப்படியே போகும். துண்டித்த பின்னும் 15 நாள் அவகாசம் உண்டு. ஆனால் எண் உங்கள் பெயரில் இருப்பது வேறு, ஓடிபி வருவது வேறு. திட்டத்தின் காலம் முடிந்து சில நாளில் உள்வரும் சேவையும் நிற்கலாம். பணத்துக்கான எண் என்றால் வருடத் திட்டம் போட்டுவிடுங்கள். டேட்டா இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்களைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. நிறுவனச் செயலியில் அவை கீழே எங்கோ இருக்கும், தேடி எடுங்கள்.

யுபிஐ பதிவு ‘எஸ்எம்எஸ் சரிபார்ப்பு தோல்வி’ என்று நிற்கிறது. ஏன்?

உங்கள் போனிலிருந்து வங்கிக்கு ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போக வேண்டும். இரண்டு சிம் இருந்தால் அது தப்பான சிம்மிலிருந்து போயிருக்கும், அல்லது அந்த சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்ப இருப்பு இருக்காது. எஸ்எம்எஸ்ஸுக்கான இயல்புநிலை சிம்மை வங்கி எண்ணுக்கு மாற்றி, இரண்டு ரூபாயாவது இருப்பு வைத்து மறுபடி முயலுங்கள். அப்படியும் நின்றால் மற்ற சிம்மைத் தற்காலிகமாக அணைத்துவிடுங்கள்.

ஒரு சிம்மில் பேசும்போது மற்றது ‘தொடர்புக்கு வெளியே’ என்கிறது.

பெரும்பாலான போன்களில் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் அழைப்பில் இருக்க முடியும். இரண்டு சிம்மிலும் வைஃபை காலிங்கைப் போடுங்கள். இல்லாவிட்டால் அழைப்பு அமைப்புகளில் ‘தொடர்பு கிடைக்காதபோது’ மற்ற எண்ணுக்குத் திருப்பலாம். திருப்பப்படும் அழைப்பு, திருப்பும் சிம்மின் கணக்கில் வெளிச்செல்லும் அழைப்பாக விழும். எஸ்எம்எஸ் மட்டும் இப்படித் திரும்பாது.

சிங்கப்பூர், வளைகுடா, அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்திய எண்ணை எப்படிக் காப்பது?

புறப்படும் முன்பே ரோமிங்கை இயக்கி, வருடத் திட்டம் போட்டு, முடிந்தால் இ-சிம்மாக்கிக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு சிம் கெட்டால் மாற்று சிம்முக்கு ஊருக்கு வர வேண்டியிருக்கும். அந்த சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்குகள்) வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங் எண்களிலேயே யுபிஐ பயன்படுத்த 2023இல் வழி பிறந்தது. உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் இந்திய சிம்மின் பாரம் பாதி குறையும்.

அமெரிக்காவில் உள்ளவர்கள் வாடகை வீடு தேடவும் பழைய பொருள் விற்கவும் கூகுள் வாய்ஸ் எண்ணைக் கொடுக்கலாம். ஆனால் அங்கும் பல வங்கிகள் இணைய எண்களை ஓடிபிக்கு ஏற்பதில்லை. செயலி சார்ந்த எண்ணுக்கு இன்னொரு ஆபத்து, சேவையே மூடப்படுவது. ஸ்கைப் 2025 மே 5 அன்று நின்றுபோனது.

எண் வேண்டாமென்று முடிவு செய்தால் அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அடுத்து அது யார் கைக்குப் போகும் என்று தெரியாது. முதலில் அந்த எண்ணின் எஸ்எம்எஸ் பெட்டியைக் கடந்த ஒரு வருடத்துக்குப் பின்னோக்கிப் பாருங்கள். எந்தெந்தச் சேவையில் எண் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. ஒவ்வொன்றிலும் எண்ணை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ‘எண்ணை மாற்று’ என்பதைப் பயன்படுத்தினால் அரட்டைகளும் குழுக்களும் புது எண்ணுக்கு வந்துவிடும். வெறுமனே செயலியை நீக்கினால் கணக்கு பழைய எண்ணிலேயே நிற்கும். டெலிகிராமிலும் அப்படியே. யுபிஐயிலிருந்து நீக்குங்கள். கைமாறிய எண்களின் பட்டியலை வங்கிகளும் யுபிஐ செயலிகளும் வாரம் ஒருமுறையாவது பார்த்துத் தங்கள் பதிவுகளைத் திருத்த வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் முதல் உண்டு. ஆனாலும் அதையே நம்பியிருக்க வேண்டாம்.

பிறகு ஒரு மாதம் சிம்மைப் போனிலேயே வைத்துக் கவனியுங்கள். விட்டுப்போன ஏதாவது ஓர் ஓடிபியோ பில்லோ வரும். எதுவும் வராத பிறகு, நிறுவனத்திடம் துண்டிக்கச் சொல்லிக் கோரிக்கை எண்ணை வாங்கிக்கொண்டு, சஞ்சார் சாத்திப் பட்டியலிலிருந்து அந்த எண் மறைந்துவிட்டதா என்று பாருங்கள்.